ஒரு ஆள் தூக்கும் அளவு

வசந்தி செய்த உருவங்கள் எல்லாமே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மூன்று வருடத்தில் இருபத்தேழு செய்திருந்தாள். போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த தகரக்கூரை ஸ்டுடியோவில், பின்சுவர் அலமாரியில் அத்தனை பேரும் வரிசையாக இருந்தார்கள். ஒருத்தி முழங்காலைக் கட்டிக்கொண்டிருப்பாள், ஒரு கிழவன் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டிருப்பான், ஓர் எருமைகூட நான்கு காலையும் வயிற்றுக்கடியில் மடக்கிப் படுத்திருக்கும். வந்து பார்க்கிறவர்கள் "ஆகா, என்ன தனிமை, என்ன மௌனம்!" என்று சொல்லிவிட்டு, அடுத்த அலமாரியில் காபிக் கோப்பை வாங்கப் போய்விடுவார்கள். வசந்தியும் அதைக் கலை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சபீனா விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

சபீனா ஸ்டுடியோவின் சொந்தக்காரி. வசந்திக்குச் சொல்லிக்கொடுக்கிறவளும் அவள்தான், ஆனால் வசந்தியைவிடப் பதினேழு வயது சின்னவள். தாத்தா காலத்தில் ரயில்வே ஒர்க்ஷாப் வேலைக்கு வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து செகந்தராபாத்திலேயே தங்கிவிட்ட குடும்பம். அவள் தமிழில் பாதி இந்த ஊருடையது, வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்பாள்.

"அக்கா, கோச்சுக்க நக்கோ. ஒண்ணு சொல்றேன். உங்க வேலை எல்லாம் ஒரே சைஸ். பாத்தீங்களா?"

"ஒரே சைஸா? எருமை பெருசுதானுங்களே?"

"எருமையும் உங்க ரெண்டு கைக்குள்ள அடங்குதுக்கா. டேபிள்லேர்ந்து சூளை வரைக்கும் நீங்களே மார்ல அணைச்சு எடுத்துட்டுப் போறீங்க. யாரையும் தொட விடறதில்ல. கை நீட்டின மாதிரி செஞ்சா மார்ல இடிச்சு ஒடஞ்சுடும். அதான் எல்லாரும் கையக் கட்டிட்டு உக்காந்திருக்காங்க."

வசந்தி சிரித்தாள். ஸ்கூட்டரில் பாலாநகர் வரைக்கும் சிரித்த முகத்தோடுதான் போனாள். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு வீட்டின் மூன்றாவது மாடி ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அழுகை வந்தது. கோபமும் வந்தது. சொன்னது பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

யாரிடமும் ஒரு கை உதவி கேட்காமல் வாழ்வது பற்றி வசந்திக்கு ஒரு பெருமை உண்டு. உடுமலைப்பேட்டையிலிருந்து அவள் ஹைதராபாத் வந்தபோது வயது முப்பத்தொன்று. இரண்டு வருடக் கல்யாணம் முடிந்து, நீதிமன்றப் படியெல்லாம் ஏறி இறங்கியாகியிருந்தது. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, பீரோவை வாசலிலேயே இறக்கிவிட்டு ஆட்கள் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டாமல், அடியில் உருளைக்கிழங்கு சாக்கைக் கொடுத்து ஒன்றரை மணிநேரம் இழுத்தே படுக்கையறைக்குக் கொண்டுபோனாள். டெங்கு வந்தபோது ஆட்டோவில் தானே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். உடன் இருப்பவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரையே எழுதினாள். நர்ஸ் ஒரு மாதிரிப் பார்த்தாள். அதிலென்ன தப்பு என்று வசந்திக்கு அன்றைக்குப் புரியவில்லை, அவ்வளவு பழகிப் போயிருந்தது.

வேலையும் அதற்கேற்ற வேலைதான். மாதாப்பூரில் ஒரு கம்பெனிக்கு, இயந்திரங்களை எப்படிப் பொருத்துவது, எப்படிக் கழற்றுவது என்று கையேடு எழுதுவாள். படி ஒன்று, படி இரண்டு என்று அவள் எழுதிக்கொடுத்தால் அறியாதவனும் செய்துவிடலாம் என்று பெயர் வாங்கியிருந்தாள்.

மண் மட்டும் அவள் எழுதிவைத்த படிகளுக்குக் கட்டுப்படவில்லை. முதல் ஆறு மாதம் கட்டைவிரலால் குழித்துக் குழித்துக் கிண்ணம் செய்ததுதான் மிச்சம். சுவர் ஒரே கனமாக இருக்கவேண்டும், அது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும் என்பார்கள். அவள் விரலுக்குத் தெரிய ஏழாவது மாதம் ஆயிற்று. முதன்முதலில் செய்த தலை ஒன்றை உள்ளே குடையாமல் கெட்டியாகவே சூளையில் வைத்துவிட்டாள். உள்ளே மிச்சமிருந்த ஈரம் ஆவியாகி, தலை வெடித்து, பக்கத்திலிருந்த ஸ்ரீனிவாஸின் இரண்டு ஜாடிகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஸ்ரீனிவாஸ் குகட்பள்ளியில் பல் டாக்டர், அவரும் மண் வேலை கற்றுக்கொள்ள வருகிறவர், நல்ல மனிதர், பரவாயில்லை என்றார். அன்றிலிருந்து வசந்தி தன் வேலையைச் சூளையின் ஒரு மூலையில், மற்றவர்கள் பொருளிலிருந்து ஒதுக்கியே வைக்க ஆரம்பித்தாள். பிறகு மண்ணைக் கயிறாக உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, தடவி இணைத்து, உள்ளே வெற்றிடம் விட்டு உருவம் எழுப்பக் கற்றுக்கொண்டாள். கை நன்றாகவே தேறியது. தேறிய கை எதைச் செய்தாலும் அது அவள் அணைப்புக்குள் அடங்கிவிட்டது, அதுதான் வினை.

ஊருக்கு வெளியே பெரிய பெரிய சூளைகளோடு ஒரு சிற்ப முகாம் இருந்தது. வருடத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து நான்கு மாதம் தங்கி வேலை செய்ய விடுவார்கள். வசந்தி இரண்டு முறை விண்ணப்பித்தாள், இரண்டு முறையும் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது கடிதத்தில் 'கைத்திறன் நன்று, அளவில் தயக்கம் தெரிகிறது' என்று ஒரு வரி இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் அங்கே எடுப்பதில்லை. அவளுக்கு நாற்பத்தொன்பது முடியப் போகிறது. இந்த முறை, மூன்றடிக்குக் குறையாமல் ஒரே உருவம், சுட்டு முடித்து, படம் எடுத்து மூன்று மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். அது தவறினால் மாதாப்பூரும் கையேடுகளும் பின்சுவர் அலமாரியும்தான்.

அழுது முடித்த மறுநாளே பெரிய உருவத்தைத் தொடங்கிவிட்டாள். தரையில் கால்நீட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். இரண்டு கையும் முன்னால் நீண்டிருக்கும், எதிரில் நிற்கும் யாரிடமிருந்தோ எதையோ வாங்கப் போகிற மாதிரி. ஆபீஸ் முடிந்து ஒவ்வொரு மாலையும் வருவாள், நாலு விரற்கடை உயரம் எழுப்புவாள். அடியில் இருப்பது இறுகி மேலே வருவதைத் தாங்க வேண்டும், மேல்விளிம்பு மட்டும் காயவே கூடாது, அதனால் ஈரத்துணியைச் சுற்றி வைத்துவிட்டுப் போவாள். ஞாயிறு, பண்டிகை என்று ஒரு நாள்கூட விடமுடியாது. ஆபீஸில் குமரகம் சுற்றுலா போனார்கள், வசந்தி துணி நனைக்க இருந்துவிட்டாள். உண்மையைச் சொன்னால், நம்மைத் தேடுகிற ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்று அவளுக்கு உள்ளூர சந்தோஷமாகவே இருந்தது.

கைகள்தான் பெரும்பாடு. இரண்டு தரம் தொங்கி விழுந்தன. மூன்றாம் தரம் அடியில் மூங்கில் முட்டுக் கொடுத்து, அப்பளம்போல் மெல்லிய சுவராக எழுப்பி நிறுத்தினாள். சபீனா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஹவ் அக்கா," என்றாள், ஆமாம் என்று. "இதான். இதுக்குத்தான் மூணு வருஷம்."

உருவம் மெல்ல மெல்லக் காய மூன்று வாரம் ஆயிற்று. முழுக்கக் காய்ந்து இன்னும் சுடப்படாத மண்தான் இருப்பதிலேயே மோசமான மண். ஈரமாக இருந்தால் வளையும், சுட்டுவிட்டால் தாங்கும், இந்த இடைப்பட்ட பதத்தில் ஒரு விரல் பட்டால் போதும், போய்விடும். போனால் ஒட்டவும் ஒட்டாது. உருவம் நின்ற பலகையோடு சேர்த்து ஐம்பது கிலோவாவது இருக்கும். நாலு மூலைக்கு நாலு பேர் நின்று, ஒரே மூச்சில் தூக்கி, சூளைக்குள் வைக்க வேண்டும். வசந்தி ஒரு மூலை. சபீனா, ஸ்ரீனிவாஸ், எட்வின் மற்ற மூன்று. எட்வின் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிறுதோறும் வந்து கோழிகளாகச் செய்வார். சனிக்கிழமை காலை பத்து மணி என்று சபீனா குரூப்பில் போட்டாள். ஸ்ரீனிவாஸ் 'ஓகே' என்றார். எட்வின் ஒரு கட்டைவிரலை அனுப்பினார்.

வசந்தி அந்தக் கட்டைவிரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். பிறந்தநாளுக்கு ஆபீஸில் ஆறு பேரைச் சாப்பிட அழைத்தபோது ஆறு கட்டைவிரல் வந்தன, ஆள் ஒருவரும் வரவில்லை. ஸ்ரீனிவாஸுக்குச் சனிக்கிழமை நோயாளிகள் குவிவார்கள். எட்வினுக்கு இடுப்பு வலி. சபீனாவுக்கு எங்காவது வகுப்பு இருக்கும். பத்து பன்னிரண்டாகும், பன்னிரண்டு ஞாயிறாகும். சனிக்கிழமை சூளை ஏறாவிட்டால் ஆறிப் பிரிக்க, கடைசி நாளான புதன்கிழமை தாண்டிவிடும். இப்படித்தான் யோசித்தாள். யோசித்துவிட்டு, தன்னால் முடிந்த ஒன்றைச் செய்தாள். கையேடு எழுதினாள். பதினாலு படிகள், அளவுகளோடு, சின்னப் படங்களோடு. மேலே 'தேவையான ஆட்கள்: 1' என்று போட்டாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் ஸ்டுடியோவைத் திறந்தாள். வெளியே மார்க்கெட் உச்சத்தில் இருந்தது. லாரிகள் பின்வாங்கும் சத்தம், ஏலக்காரர்களின் சத்தம், பக்கத்து வெங்காயக் கிடங்கில் மூட்டை விழும் சத்தம். அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பலகைக்கு அடியில் பழைய சேலையை நுழைத்து, மேசையிலிருந்து அதே உயரமுள்ள தள்ளுவண்டிக்கு அங்குலம் அங்குலமாக இழுத்தாள். வந்தது. நீட்டிய கைகள் தெருவாசல் பக்கம் இருக்க, வண்டியைப் பக்கவாட்டில் சூளை வாசலுக்கு உருட்டினாள். வந்தது. சூளையின் தளம் வண்டியைவிட ஒரு சாண் உயரம், அதனால் கடப்பாரையால் பலகையின் ஒரு ஓரத்தை நெம்பி ஒரு செங்கல், மறு ஓரத்தை நெம்பி ஒரு செங்கல் என்று ஏற்றினாள். அதுவும் வந்தது. பன்னிரண்டு படி முடிந்திருந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, 'பார்த்தாயா' என்று யாரிடமோ சொல்லிக்கொண்டாள்.

பதின்மூன்றாவது படி, தள்ளு. தள்ளினாள். பலகையின் முன்பக்கம் சூளையின் விளிம்பில் ஏறியதும், பின்னால் இருந்த வண்டி மெதுவாக நழுவி விலகியது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கவில்லை. கம்பெனிக்கு அவள் எழுதுகிற ஒவ்வொரு கையேட்டிலும் முதல் எச்சரிக்கையே அதுதான்.

பலகை இடைவெளியில் தொங்கி, உருவம் அவள் பக்கமாகச் சாய்ந்தது. வசந்தி எப்படி அந்த இடத்துக்குள் புகுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு தொடையால் பலகையைத் தாங்கி, உருவத்தின் விலாவைத் தன் மார்பில் வாங்கி, இரண்டு கையாலும் அதன் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உருவம் நின்றது. ஆனால் இனி அவளால் தள்ள முடியாது, இறக்க முடியாது, விடவும் முடியாது. சுவர்க் கடிகாரத்தில் எட்டு ஐந்து.

முதல் பத்து நிமிடம் ஏதாவது வழி கிடைக்கும் என்று நினைத்தாள். அடுத்த பத்து நிமிடம் தொடை நடுங்க ஆரம்பித்தது. பையில் போன் அடித்தது. நான்கு எட்டு தூரம், நாலு மைல் என்றாலும் ஒன்றுதான். அது அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்து, மறுபடி ஓய்ந்தது. யாரையாவது கூப்பிட வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. யாரை? கிடங்கு வாசலில் மூன்று வருடமாக ஸ்கூட்டர் நிறுத்துகிறாள், அங்கே ஒருவர் பெயரும் தெரியாது. சந்தில் டீக்கடைக்காரர் பெயர் தெரியாது. இந்த ஊரில் பதினெட்டு வருடம் இருந்து, ஆபத்துக்குக் கூப்பிட ஒரு பெயர் சேர்த்து வைக்கவில்லை. பலகையின் கனத்தைவிட அது அதிகமாக அழுத்தியது. பயமாக இருந்தது.

"ஹலோ," என்றாள். இருநூறு பேர் மீட்டிங்கில் பேசுகிற குரல். லாரி ஹாரன் அதை விழுங்கியது.

"அன்னா! ஒக்கசாரி ரண்டி!" என்று தெலுங்கில் கூப்பிட்டாள். ஒரு தடவை வாங்க என்று அதிலும் மரியாதை குறையவில்லை. ஒருவரும் வரவில்லை. தொடை மரத்துப் போயிற்று. மண் பெண்ணின் கழுத்து அவள் கன்னத்தில் உரசி, மாவு மாவாக உதிர்ந்தது. மரியாதையெல்லாம் எங்கோ போய்விட்டது, அடிவயிற்றிலிருந்து சொந்தத் தமிழ் வந்தது.

"யாராச்சும் வாங்க! என்னால முடியல! ஐயோ, யாராச்சும் வாங்க!"

ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது, ஆனால் கிடங்கிலிருந்து ஓர் ஆள் ஓடி வந்தான். வெங்காயச் சருகு ஒட்டிய பனியன், தலையில் சும்மாடு.

"கைக்கு சில்லாரே அம்மா?" ஏன் கத்துறீங்க என்று கேட்டுக்கொண்டே வந்தவன், நிலைமையைப் பார்த்தான். கை கொடுக்கத் தாவினான். தாவினவனுக்கு எதிரே முதலில் இருந்தது, அவனை நோக்கி நீண்டிருந்த அந்தப் பெண்ணின் இடது கை. நாமாக இருந்தாலும் அதைத்தான் பிடித்திருப்போம்.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. ரஸ்க் கடிக்கிற சத்தம். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அவன் கையோடு வந்துவிட்டது. அவன் மிரண்டுபோய் அதை ஏந்திக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான். ஓடிவிடுவான் போலிருந்தது.

"போகாதீங்க!" என்று கத்தினாள் வசந்தி. பிறகு அவனுக்குப் புரிகிற மாதிரி, "ஜாவ் நக்கோ பாய்! போனது போகட்டும். போகாதீங்க, பலகையப் பிடிங்க!" என்றாள்.

போகாதே என்று அவள் ஒரு மனிதரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

அவன் உடைந்த கையைப் பத்திரமாகத் தரையில் வைத்துவிட்டு வந்து பலகையின் அடியைப் பிடித்தான். பிடித்த மாத்திரத்தில் அவள் தொடையிலிருந்து பாதிக்கு மேல் கனம் இறங்கியது. ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொண்டு தள்ளினார்கள். உருவம் சூளைக்குள் போய் நின்றது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அவன் பெயர் அப்துல் ரஹீம். தண்ணீர் குடித்துவிட்டு, தெலுங்கும் தக்னி உருதுவும் கலந்து சொன்னான். தினமும் பார்க்கிறானாம், இந்த அம்மா மண் மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு போவதை. அவர்களில் எப்பேர்ப்பட்ட பலசாலியும் மூட்டையைத் தன் முதுகில் தானே ஏற்றிக்கொள்ள மாட்டானாம், பின்னால் இரண்டு பேர் ஏற்றிவிட வேண்டுமாம். கேட்டிருந்தால் வந்திருப்போம், நீங்கள் கேட்கிறவராகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, உடைந்த கையை இன்னொரு முறை பார்த்து வருத்தப்பட்டு, மூட்டைக்குப் போய்விட்டான்.

வசந்தி தரையில் உட்கார்ந்தாள். எட்டு வாரம் கட்டிய கை அது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

ஒன்பது நாற்பதுக்கு வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. பத்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மூன்று பேரும் வந்திருந்தார்கள். ஸ்ரீனிவாஸ் பழைய டீ-ஷர்ட் போட்டு, இடுப்பில் துண்டு கட்டியிருந்தார். எட்வின் கையில் நாலடுக்குத் தூக்கு. சபீனா உள்ளே வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள்.

"எத்தினி தடவை போன் பண்றது அக்கா? எட்வின் அங்கிள் இட்லி கொண்டாறாரு, சாப்டாம வாங்கன்னு சொல்ல..." சூளைக்குள் பார்த்ததும் பேச்சு நின்றது. பலகை, கடப்பாரை, செங்கல், மேசைமேல் ஒட்டியிருந்த பதினாலு படி, தரையில் கை. எல்லாவற்றையும் ஒன்றொன்றாகப் பார்த்தாள்.

"பத்து மணின்னு சொன்னோம்ல? ஏன்க்கா?"

"நீங்க வருவீங்கன்னு நான் நெனைக்கலைங்க," என்றாள் வசந்தி.

ஸ்ரீனிவாஸ் இடுப்புத் துண்டை அவிழ்த்து மடித்தார். "க்ளினிக் மூசேசி வச்சானு மேடம்," என்றார், கிளினிக்கை மூடிவிட்டு வந்தேன் என்று. குறையாகச் சொல்லவில்லை. அதுதான் வசந்தியைக் கொன்றது. மூன்று பேர் வந்திருக்கிறார்கள், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்திருக்கிறார்கள், அவர்களுக்குத் தூக்க ஒன்றும் மிச்சமில்லை. வெட்கத்தில் அவளுக்கு முகம் எரிந்தது.

சபீனா கையை எடுத்துப் பார்த்தாள். "ஒட்டாது."

"தெரியும். அப்படியே சுடலாம். அப்படியே படம் எடுத்து அனுப்பறேன்."

"முகாம்ல எடுக்கலேன்னா?"

"எடுக்கலேன்னா இல்ல. இது ஒடஞ்சது என்னாலதான், மறைச்சு அனுப்பமாட்டேன்."

உடைந்த கையைப் பெண்ணின் காலடியில் வைத்து, சூளைக் கதவைச் சாத்தி, முதல் சூட்டை மிகக் குறைவாக வைத்தார்கள். எட்வின் தூக்கைத் திறந்தார். இட்லி ஆறிப் போயிருந்தது.

"நானே அவிச்சதும்மா," என்றார். "எலிசபெத் இருந்தா பூ மாதிரி இருக்கும். நான் அஞ்சு மணிக்கு எந்திரிச்சும் இவ்ளோதான் வந்துச்சு."

மனைவி போய் ஐந்து வருடம் ஆகிறது என்பதே வசந்திக்கு அன்றுதான் தெரியும். மூன்று வருடமாக அடுத்தடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் கோழி செய்ய இவள் எருமை செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

சாப்பிட்டு முடித்தார்கள். ஸ்ரீனிவாஸ் கடிகாரம் பார்த்தார், பன்னிரண்டு மணிக்கு ஒரு நோயாளியை வரச் சொல்லியிருந்தார். சபீனாவுக்கு மெஹ்திபட்டணத்தில் வகுப்பு. எட்வின் தூக்கைக் கழுவிப் பையில் போட்டார். மூவரும் வாசலுக்குப் போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். சூளை சுடுகிற நாளில் பொருளுக்குரியவர்தான் கூட இருந்து பார்த்துக்கொள்வது வழக்கம். மாலைவரை, தனியாக. வசந்திக்கு அது எப்போதும் பிடித்த வேலை என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"இருங்க," என்றாள்.

மூன்று பேரும் திரும்பினார்கள். சபீனா சூளையைப் பார்த்தாள். "என்னக்கா? ஏதாச்சும் நகத்தணுமா?"

வசந்திக்குக் கிடங்குவரை கேட்கக் கத்தியது சுலபமாக இருந்தது, அப்போது விழப்போகிற பொருள் ஒன்று கையில் இருந்தது. இப்போது கையில் ஒன்றுமில்லை.

"நகத்த ஒண்ணும் இல்லீங்க. சும்மாதான். முடிஞ்சவங்க யாராச்சும்... கொஞ்ச நேரம் கூட இருந்துட்டுப் போங்களேன்."

ஸ்ரீனிவாஸ் சங்கடமாகக் கடிகாரத்தைப் பார்த்தார். சபீனா போனை எடுத்து, வகுப்பை எவ்வளவு தள்ளலாம் என்று கணக்குப் போட்டாள். எட்வின் யாரையும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து, பையை மேசைமேல் வைத்துவிட்டுத் தன் ஸ்டூலைச் சூளைப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு வீட்ல என்னம்மா வேலை," என்றார். "சாயங்காலம் வரைக்கும் இருக்கேன்."